குடுகுடுவென ஓடிய பழைய மனிதர்கள்

பழைய மௌனப்படக் காட்சிகளில் எல்லோரும் ஏன் குடுகுடுவென ஓடுகிறார்கள் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். ராஜா கையசைத்தாலும் சிப்பாய் சண்டைக்குப் போனாலும் பொம்மலாட்டம் மாதிரிதான் இருக்கும். கொட்டகையில் சிரிப்பொலி கிளம்பும். உண்மையில் அவர்களும் நம்மைப் போலத்தான் நடந்தார்கள். கோளாறு வேகக் கணக்கில் இருக்கிறது.

1895-இல் பாரிஸில் படம் காட்டிய லூமியர் சகோதரர்களின் காமிரா கையால் சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 8 படங்கள். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. ஆனால் கை என்ன கடிகாரமா? ஆளுக்கு ஆள் வேகம் மாறும். நகைச்சுவைப் படக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் ஓட்டத்தைக் கூட்டியதும் உண்டு.

பேசும்படம் வந்ததும் ஒலி கெடாமல் இருக்க, நொடிக்கு 24 படங்கள் என்று நிலைத்தது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 நொடியில் முடிந்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு படத்தை இரண்டு முறை அச்சிட்டுச் சமாளித்தார்கள். நடை சற்று இடறியது. இன்றோ எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 100-லிருந்து 67 சதவீதமாக்கினால் போதும். இடையில் குறையும் படங்களைக் கணினியே உருவாக்கிக் கொடுக்கிறது.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப்போர்ச் சுருள்களை, 2018-இல் வெளியான தம் படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இப்படித்தான் சீர்செய்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகம். நடை இயல்பாகும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வண்ணம் சேர்த்ததைத்தான் பலரும் புகழ்ந்தார்கள். என்னைத் தொட்டது வேகம்தான்.

அதில் ஒரு காட்சி. 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போர்முனை. ஒரு பள்ளப் பாதையில் பிரிட்டிஷ் வீரர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் தாக்கப் புறப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. வேகமாக ஓட்டினால் அவர்கள் வெறும் துள்ளும் உருவங்கள். சரியான வேகத்தில் ஒருவன் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். கண்ணில் பயம் தெரிகிறது. நூறு வருடம் கழித்தாவது அந்தப் பார்வை நம்மை எட்டியதே.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 8 எம்எம் சுருள் இருந்தால், கணினிக்கு மாற்றக் கொடுக்கும்போது வேகத்தையும் சொல்லிக் கொடுங்கள். சாதாரண 8 எம்எம் என்றால் பெரும்பாலும் நொடிக்கு 16 படங்கள், சூப்பர் 8 என்றால் 18. தாத்தா அவர் நடையிலேயே நடந்து வரட்டும்.