குகைக்குள் ஒரு கருவறை

ஆங்கிலேயர் காலத்தில் ‘டெவில்ஸ் கிச்சன்’ எனப்பட்ட கொடைக்கானல் குகை, 1991இல் சந்தானபாரதி இயக்கிய ‘குணா’வுக்குப் பின் குணா குகை ஆனது. படத்தின் புகழோடு, அதன் காட்சிப் படிமத்துக்கும் இதில் பங்குண்டு. அபிராமி அம்மனாகத் தான் வணங்கும் பெண்ணிடம் நாயகன் வாய்மொழியாகக் கடிதம் சொல்லும் பாட்டு அங்கேதான் படமானது. வெளிச்சம் குறைந்த ஈரப்பாறை நடுவே அவள் நிற்கும்போது குகை கருவறையாகத் தெரிகிறது.

அவன் மனம் பேதலித்தவன், பெண்ணைக் கடத்தியவன். இதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். கடத்தல் குற்றம்தான். ஆனால் திருக்கடையூர் அபிராமி பட்டரையும் ஊர் பித்தர் என்றே சொன்னதாக மரபு சொல்கிறது. அந்தப் பித்தின் தவிப்பைத்தான் குகை காட்டுகிறது. இதே மலையில், பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சிலையைச் சித்தர் போகர் பாஷாணங்கள் என்னும் நஞ்சுகளைக் கட்டிச் செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. நஞ்சிலும் தெய்வத்தைக் கண்ட மண்ணுக்குப் பாறைப்பிளவு கருவறையாவது புதிதல்ல.