குர்க்குமினும் இதயத்தசைப் பெருக்கமும்

மஞ்சள் கிழங்குக்கு நிறம் தரும் குர்க்குமின், இதயத்தசைப் பெருக்கத்துக்கு மருந்தாகுமா என்று ஆராயப்பட்டுவரும் தாவரச் சேர்மங்களுள் ஒன்று. நீடித்த உயர் இரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்றவற்றால் இடது கீழறைக்குப் பளு கூடும்போது தசைச் செல்கள் பருத்துச் சுவர் தடிக்கிறது. தொடக்கத்தில் இது ஈடுகொடுக்கும் ஏற்பாடுதான். நாளடைவில் நார்த்திசு படிந்து இதயச் செயலிழப்பில் கொண்டுபோய் விடும்.

பளு கூடிய செல்லின் உட்கருவில் பி300 என்ற நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும், மரபணுக்களை முடுக்கிவிடும் கேட்டா-4 என்ற புரதத்திலும் அசெட்டைல் தொகுதிகளை ஏற்றுகிறது. கருப்பருவத்தோடு அடங்கிப்போன மரபணுக்கள் இதனால் மறுபடி இயங்குகின்றன. குர்க்குமின் தடுப்பது இந்த நொதியைத்தான். 2008இல் ஜப்பானியக் குழு ஒன்று எலிகளிலும் கனடியக் குழு ஒன்று சுண்டெலிகளிலும் இதைக் காட்டின. சுண்டெலிகளில் ஏற்கெனவே தடித்த இதயமும் ஓரளவு மீண்டது. இரு கட்டுரைகளும் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன்’ இதழில் வெளியாயின.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்க முதல் தடை உறிஞ்சல். விழுங்கிய குர்க்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. மிளகின் பைப்பரின் அதைக் கூட்டும் என்று 1998இல் பெங்களூரு ஆய்வொன்று காட்டியது. சமையல் மஞ்சள்தூளிலோ குர்க்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஆகவே மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசத்தை மருந்தாகக் கருத இடமில்லை. குர்க்குமின் மாத்திரைகள் வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது.