ஆரணிப் பெண்களும் கூடைப்பந்தும்



ஆரணி என்றதும் மக்கள் நினைவுக்கு வருவன பட்டும் அரிசியும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரின் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. வரலாறு கற்றவர்களுக்கோ 1751ஆம் ஆண்டில் கிளைவ் வென்ற ஆரணிப் போரும், 1782ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் இங்கே மோதிக்கொண்டதும் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டுமன்று, போருமன்று. இவ்வூர்ப் பள்ளிச் சிறுமியர் ஆடிய கூடைப்பந்து. இஃது ஒரு சிறு பொருள்போலத் தோன்றலாம். ஆயினும், ஒரு பெண் குழந்தையின் மாலைப்பொழுது யாருக்கு உரியது என்னும் பெரிய வினா இதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் இவ்வாட்டத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். உலகில் பல ஆட்டங்கள் எவரால், எப்போது தொடங்கப்பெற்றன என்பதை அறிய முடிவதில்லை. கூடைப்பந்து அவ்வாறன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்குக் கூடத்துக்குள்ளேயே ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. அவர் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டுவித்து, பதின்மூன்று விதிகளை எழுதி, பதினெட்டு மாணவர்களை இரு கட்சிகளாகப் பிரித்து ஆடச் செய்தார். கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஒருவர் ஏறி எடுக்க வேண்டியிருந்தது! ஒருவரையொருவர் தள்ளாமலும் பிடிக்காமலும் திறமையினாலேயே வெல்ல வேண்டும் என்பதே அவ்விதிகளின் உயிர்நிலை.

இத்தகைய ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதென்று உணர நெடுநாள் ஆகவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஸ்பிரிங்ஃபீல்டில் பெண்கள் ஆடத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான மாட் ஷெர்மன் பின்னாளில் நெய்ஸ்மித்தின் மனைவியானார். அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன், 1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம் மாணவியரைக் கொண்டு ஒரு போட்டி நடத்தினார். ஆடவர் எவரும் உள்ளே வரக்கூடாதென்பது ஏற்பாடு. 1896ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதியபோதும் அவ்வாறே. அப்போட்டியில் ஸ்டான்ஃபோர்டு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது.

ஆட அனுமதித்த சமுதாயம் முழுமனத்துடன் அனுமதிக்கவில்லை. பெண்ணுடல் மென்மையானது, அதிகம் ஓடினால் நலம் கெடும் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். ஆகவே ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகக் கோடு கிழித்துப் பிரித்தார்கள். தன் பகுதியை விட்டு ஒருத்தி வெளியே செல்லலாகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. மூன்று நொடிகளுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கவும் ஆகாது. இவ்விதிகள் பையப்பைய மாறின. ஆயினும் களத்தை இரண்டாகப் பிரித்து, கட்சிக்கு அறுவராகப் பள்ளிப் பெண்கள் ஆடும் முறை அயோவா மாநிலத்தில் 1993 வரையிலும், ஒக்லஹாமா மாநிலத்தில் 1995 வரையிலும் நீடித்தது. ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து 1936இல் இடம்பெற, மகளிர் கூடைப்பந்து 1976இல்தான் இடம்பெற்றது. இடையில் கழிந்தவை நாற்பது ஆண்டுகள்!

இங்கே ஒரு பள்ளியின் வரலாற்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. மொன்டானா மாநிலத்தில் ஃபோர்ட் ஷா என்னும் இடத்தில், அமெரிக்கப் பழங்குடிச் சிறுவர் சிறுமியருக்கென அரசினர் நடத்திய விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. தாய்மொழியையும் குலவழக்கங்களையும் மறக்கச் செய்வதே அத்தகைய பள்ளிகளின் நோக்கம். அங்கே பெண்கள் படிப்போடு தையலும் சலவையும் சமையலும் செய்தாக வேண்டும். அந்த வேலைகளுக்கு நடுவே பந்தாடக் கற்ற சிறுமியர், 1904ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றனர். பழங்குடியினரைக் காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்த அந்தத் திடலிலேயே, எதிர்த்து வந்தவர்களை வென்று கோப்பையைக் கைக்கொண்டனர். காட்சிப்பொருளாகப் பார்க்க வந்த கூட்டம் அவர்களை ஆட்டக்காரிகளாகக் கண்டு திரும்பியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் அவர் தொடங்கிய உடற்பயிற்சிப் பள்ளியே பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. ஆட்டம் பிறந்த இடத்தில் கற்ற ஒருவரே அதனை நம் மாநிலத்து ஆசிரியர்களுக்குக் கற்பிக்க நேர்ந்தது நம் நற்பேறு. அதற்கு முன் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் ‘டிரில்’தான். முன்னாள் படைவீரர் ஒருவர் அதட்ட, பிள்ளைகள் கையைத் தூக்கித் தாழ்த்துவார்கள். பக் அவர்களின் மாணவர்களோ விளையாட்டைக் கல்வியின் ஒரு கூறாகக் கொண்டு ஊர்தோறும் சென்றார்கள். 1943இல் அவர் மறைந்தபோது, அவரிடம் கற்றோர் நாடெங்கும் பரவியிருந்தனர்.

ஆட்டம் மட்டும் வந்தால் போதுமா? ஆடுவதற்குப் பெண்கள் பள்ளிக்கு வரவேண்டுமே! 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1960களில் உயர்நிலைப்பள்ளி வரை விரிந்த கட்டணமில்லாக் கல்வியும் ஏழைப் பெண்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தன. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954இல் உருவாயிற்று. வட்ட அளவில் வென்றவர் கல்வி மாவட்டத்துக்கும், அங்கே வென்றவர் வருவாய் மாவட்டத்துக்கும், பின்னர் மாநிலத்துக்கும் செல்லும் படிமுறை ஏற்பட்டது. சிற்றூர்ப் பள்ளியும் முதற்படியில் கால்வைக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

இப்படி மேலிருந்து வந்த ஏற்பாடு ஆரணியில் எதனைச் சந்தித்தது? தறியைச் சந்தித்தது. பட்டு நெசவு ஒருவர் தனியே செய்யும் தொழிலன்று. ஒரு குடும்பமே செய்யும் தொழில். கணவன் தறிக்குழியில் அமர்ந்தால், மனைவி இழை பிரிப்பாள்; மகள் இராட்டையில் தார் சுற்றுவாள். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு நாடா தள்ளித் தரப் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. தெருவில் பாவு நீட்டுவது வெயில் ஏறுவதற்கு முன்னரே நடக்க வேண்டிய வேலை. ஆகவே காலையும் வீட்டுக்கு உரியது. மாலையும் வீட்டுக்கு உரியது. நடுப்பகல் மட்டுமே பள்ளிக்கு உரியது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆரணி வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் பணியேற்றது 1980களின் நடுவில். அங்கே ஒரு பருவத்துக் கூடைப்பந்தை அருகிருந்து கண்டேன். பள்ளிக்கு மண் தரையாலான ஆடுகளம் ஒன்றும், மரக்கம்பங்கள் இரண்டும், வலையில்லாத வளையங்களும் இருந்தன. போட்டிக்கு முதல்நாள் மாணவியரே தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத்தூளால் கோடு போடுவார்கள். பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஆடினார்கள். உடற்பயிற்சி ஆசிரியை ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் அறுவர் தறி வீட்டுப் பிள்ளைகள்.

மாலையில் பயிற்சி என்றதும் பெற்றோர் ஒவ்வொருவராக வந்தனர். எவரும் சினந்து பேசவில்லை. ஒரு தந்தையார் கைகட்டி நின்று, “ஐயா, பொண்ணு விளையாடுறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. ஆனா இன்னிக்குத் தார் சுத்தலைன்னா நாளைக்குத் தறி நிக்கும். தறி நின்னா கூலி நிக்கும்,” என்றார். பெண் ஆடுவது தகாது என்று அவர் கூறியிருந்தால் எதிர்வாதம் செய்திருக்கலாம். அவர் கூறியதோ கணக்கு. கணக்குக்கு என்ன மறுமொழி சொல்வது?

வழி கண்டவர் அந்த ஆசிரியையே. அவர் பயிற்சியைப் பள்ளியின் காலத்தோடு பொருத்தாமல், தறியின் காலத்தோடு பொருத்தினார். உணவு இடைவேளையில் அரைமணி நேரம் பந்து எறிதலும் பிடித்தலும்; தறி ஓடாத அமாவாசை நாட்களில் முழு ஆட்டம்; சேலை அறுத்த வீட்டுப் பெண்ணுக்கு அன்று மாலை ஓட்டப்பயிற்சி. யார் வீட்டுத் தறியில் எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாயிற்று. வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் பேசினார். தார் சுற்றிப் பழகிய விரல்கள் பந்தைப் பதறாமல் பிடிப்பதை அவர் சுட்டிக்காட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அவ்வாண்டு அவர்கள் வட்ட அளவில் வென்றார்கள். கல்வி மாவட்டப் போட்டிக்குள் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவள் பள்ளியிலிருந்தே நின்றுவிட்டாள். வேறு மூவரை வீட்டார் வெளியூர் அனுப்ப இசையவில்லை. எஞ்சியவர் சரியாக ஐவர். மாற்று ஆட்டக்காரி ஒருத்தியும் இல்லாமல் களமிறங்கினார்கள். ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும் என்பது கூடைப்பந்து விதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒருத்தி அவ்வாறு வெளியேறினாள். கட்சியில் இருவர் உள்ளவரை ஆட்டம் தொடரலாம் என்பதும் விதியே. நால்வர் ஐவரை எதிர்த்து இறுதிவரை ஆடினார்கள், தோற்றார்கள். தோல்விக்காக எவளும் அழவில்லை. திரும்பும் பேருந்தில் அவர்கள் பேசிக்கொண்டது, நின்றுபோனவளைப் பற்றி மட்டுமே.

அந்தப் போட்டிகள் எல்லாம் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூரை நோக்கி அமைந்திருந்தன. 1989ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிந்து, ஆரணி திருவண்ணாமலையோடு சேர்ந்தது. வேலூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். திருவண்ணாமலை ஏறத்தாழ அறுபது. ஆட்சியாளருக்கு இஃது எல்லைக்கோடு. பெண்ணை அந்திக்குள் வீடு திரும்ப எதிர்பார்க்கும் தாய்க்கோ ஒரு மணி நேரக் கவலை. வரலாற்று நூல்கள் மாவட்டப் பிரிவினையை எழுதும். இந்த ஒரு மணி நேரத்தை எழுதுவதில்லை.

பின்னாளில் காலம் மாறியது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986இலும், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலும் வந்தன. மாணவியர்க்கு மிதிவண்டி கிடைத்தது. தாவணிக்குப் பதிலாகச் சுடிதார் சீருடையாயிற்று. தமிழகப் பெண்ணாகிய அனிதா பால்துரை, இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். அச்செய்தியைப் படித்த அன்று, வலையில்லாத அந்த வளையங்களை எண்ணிக்கொண்டேன்.

நேயர்களே, ஸ்மித் கல்லூரியில் களத்தைக் கோடு கிழித்துப் பிரித்தவர்கள் பெண்களின் நலத்தைக் கருதியே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். ஆரணியில் எவரும் கோடு கிழிக்கவில்லை. தறியின் தேவையே கோடாக நின்றது. முன்னதை அழிக்க விதியை மாற்றினால் போதும். பின்னதை அழிக்கக் குடும்பத்தின் வருவாய் உயர வேண்டும், பள்ளி வீட்டின் கணக்கை அறிந்து நடக்க வேண்டும். விளையாட்டில் பெண்கள் முன்னேற வேண்டும் என்று மேடைகளில் பேசுவோர், கோப்பைகளை எண்ணுவதற்கு முன் ஒன்றைக் கேட்டறிதல் நலம்: பள்ளி மணி அடித்தபின் அந்தப் பெண்ணுக்கென்று எத்தனை நாழிகை எஞ்சியிருக்கிறது? அந்த நேரத்தை அவளுக்கு ஈட்டித் தரும் ஊரில் ஆடுகளங்கள் வெறுமையாகக் கிடப்பதில்லை.