நெகிழி ஒளியிழை அலங்காரத்தின் வரலாறு

நெகிழி ஒளியிழை என்பது ஒரு முனையில் புகும் ஒளியை, தான் வளையும் வழியெல்லாம் கொண்டுசென்று மறுமுனையில் வெளியிடும் மெல்லிய அக்ரிலிக் இழை. ஒளிரும் பூங்கொத்து, கூரையில் பதிக்கும் விண்மீன்கள் போன்றவற்றை வீட்டிலேயே செய்ய இது பயன்படுகிறது. தொலைத்தொடர்புக்காக உருவான நுட்பமே பின்னர் அலங்காரத்துக்கு வந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அலங்காரம்தான் முந்தியது.

1841இல் ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த ழான் தானியேல் கொலாடோன், தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீர்த்தாரையை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார். அரங்கில் வெளிச்சம் போதவில்லை. எனவே சூரிய ஒளியை ஒரு வில்லையால் துளையை நோக்கிக் குவித்தார். ஒளி நேரே போகாமல் தாரைக்குள்ளேயே சிக்கி, அதனுடன் வளைந்து இறங்கியது. இதுவே முழு அக எதிரொளிப்பு. பக்கத்தில் சிறு துளையிட்ட நீர்ப்புட்டியும் கைவிளக்கும் இருட்டறையும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம்.

1853இல் பாரிஸ் ஓபரா மேடையில் ஒளிரும் நீர்த்தாரை இடம்பெற்றது. 1884இல் லண்டன் கண்காட்சியிலும் 1889இல் பாரிஸ் கண்காட்சியிலும் ஒளி நீரூற்றுகள் மக்களைக் கவர்ந்தன. இச்சோதனையை ஜான் டின்டால் லண்டனில் செய்து காட்டியது 1854இல்தான். ஆயினும் பல நூல்கள் அவரையே முதல்வராகக் குறிப்பிடுகின்றன. வகுப்பறையில் பிறந்த ஒரு சோதனைக்கு இது நியாயமன்று.

நீரின் இடத்தைத் திண்மப் பொருள் பிடிக்க நாளாயிற்று. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்சும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்தியதை 1954இல் வெளியிட்டனர். 1930களில் சந்தைக்கு வந்த அக்ரிலிக்கை டூபாண்ட் நிறுவனம் 1960களில் ஒளியிழையாக்கியது. இழைக்கொத்து விளக்குகள் பரவின.

அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதன்மேல் எண் குறைந்த மற்றொரு நெகிழி உறையாகப் பூசப்படுகிறது. உறை இல்லாவிடில் விரல் பட்ட இடத்திலும் அழுக்குப் படிந்த இடத்திலும் ஒளி கசியும். இந்தக் குறையையே கைவினைஞர்கள் உத்தியாக்கினர்: உப்புத்தாளால் தேய்த்த இடமெல்லாம் இழை பக்கவாட்டில் ஒளிரும்.

சுமார் 20 மீட்டரில் பாதி ஒளி இழக்கப்படுவதால் நெடுந்தொலைவுச் செய்திக்கு இது உதவாது. இரண்டு மீட்டர் அலங்காரத்துக்கு அது பொருட்டல்ல. பெரிய தடை வெப்பமே. ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் அக்ரிலிக் இளகிவிடும். ஆகவே சூடேறும் பழைய குமிழ் விளக்குகளை இழைமுனையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டியிருந்தது. எல்இடி விளக்கு வந்தபின் முனையை விளக்கின் அருகிலேயே பொருத்த முடிகிறது. வீட்டு மேசையிலும் இவ்வேலை எளிதானது அதன் பிறகே.