ஓய்வு வயதும் உப்பளத்து முதுமையும்

பெருமுக்கல் குன்றைக் கடந்து கிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். அங்கே பாத்தியில் இறங்கி உப்பு வாருவோருக்குப் பணி ஓய்வு நாள் என ஒன்று கிடையாது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கோ அது பணியில் சேரும் அன்றே குறிக்கப்பட்டுவிடுகிறது. இவ்விரு முதுமைகளும் எவ்வாறு பிரிந்தன என்பதை வரலாற்றில் காண்போம்.

முதுமையை எண்ணால் அளந்து சட்டமாக்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் கொணர்ந்த காப்பீட்டுச் சட்டம் 70 வயதைக் குறித்தது. (பலரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் 65, அவர் மறைந்தபின் 1916இல் வந்ததாகும்.) நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழக அரசு 2020இல் 59 என்றது. மறு ஆண்டே 60 என்றது. ஓராண்டுக்குள் மனித உடல் அவ்வளவு வலுப்பெற்றுவிட்டதா என்ன?

1983இல் ஆந்திரத்தில் நேர்மாறானது நடந்தது. என்.டி. ராமராவ் அரசு, இளைஞருக்கு வேலை தரவேண்டும் என்று கூறி 58ஐ 55 ஆகக் குறைத்தது. 55ஐக் கடந்திருந்த ஆயிரக்கணக்கானோர் பிப்ரவரி இறுதியில் ஒருசேர வெளியேற நேர்ந்தது. எஞ்சிய மூன்றாண்டுச் சம்பளத்தை நம்பி மகள் திருமணத்தையும் வீட்டுக் கடனையும் திட்டமிட்டிருந்தோரின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 1985இல் நாகராஜ் வழக்கில் அக்குறைப்பு செல்லும் என்றது. அதற்குள் வயது மீண்டும் 58 ஆக்கப்பட்டிருந்தது. இடையில் வெளியேற்றப்பட்டோருக்கும் அதன் பயன் உண்டென அதே நீதிமன்றம் அவ்வாண்டே பிரபாகர் ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது.

எண்ணைச் சாராத பழைய அளவுகோல் ஒன்றும் உண்டு. ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். இரந்து நின்ற, பார்வையிழந்த யூத முதியவர் ஒருவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவர்மீதான ஜிஸ்யாவை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தார்கள். வலுவிழப்பே அங்கு அளவுகோல்.

மரக்காணத்திலும் அளவுகோல் அதுதான், பைத்துல்மால்தான் இல்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நல வாரியம், பதிவு செய்தோருக்கு 60 வயதில் ஓய்வூதியம் தருகிறது. உப்பின் கண்கூசும் வெண்மையில் பல்லாண்டு நின்றவரின் பார்வையும் பாதமும் அதுவரை காத்திருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் உற்பத்தி நின்றுபோகும் மாதங்கள் வேறு. கை தளர்ந்தால் கூலி குறையும். பின்னர் அழைப்பே வராது. பிறப்புச் சான்று இல்லாதவர் அந்த 60ஐயும் முதலில் மெய்ப்பித்தாக வேண்டும்.