செப்புத்தகட்டுப் படங்கள், கலைக்களஞ்சியங்களில்

18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கலைக்களஞ்சியங்களில் விளக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள். இவை குழிவச்சு வகையைச் சேர்ந்தவை. செதுக்குளியாலோ அமிலத்தாலோ தகட்டில் கோடுகள் பள்ளமாக்கப்படும். மை பூசி மேற்பரப்பைத் துடைத்தபின் பள்ளத்தில் தங்கிய மையை, உருளை அச்சகத்தின் அழுத்தத்தில் ஈரத்தாள் உறிஞ்சிக்கொள்ளும். எழுத்தச்சு மேட்டச்சு ஆதலால் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அச்சிட இயலாது. எனவே படங்கள் தனித்தாள்களாகவோ தனித்தொகுதிகளாகவோ வெளிவந்தன.

இவ்வகையில் தலையாயது தீதரோ, தாலம்பேர் பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம். அதன் 17 உரைத்தொகுதிகள் 1751–1765இலும், 11 படத்தொகுதிகள் 1762–1772இலும் வெளியாயின. லூயி-ழாக் கூசியே 900க்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்காக அறிவியலாளர் ரெயோமூர் தயாரித்திருந்த படங்களைக் கலைக்களஞ்சியத்தார் நகலெடுத்ததாக 1759இல் குற்றச்சாட்டு எழுந்தது. தொழில் சார்ந்த பல தகடுகளின் மேற்பாதி பட்டறைக் காட்சி. கீழ்ப்பாதியில் கருவிகளும் உறுப்புகளும் குறியீட்டெழுத்துகளுடன் தனித்தனியே நிற்கும். குண்டூசித் தொழில் தகடுகள் கம்பி இழுத்தல், சக்கரத்தில் முனை தீட்டல், கொண்டை பொருத்தல் ஆகியவற்றைக் காட்டுகின்றன. பட்டறையின் புகையும் நெரிசலும் இவற்றில் இல்லை. ஆகவே இத்தகடுகளை நேர்ப்பதிவாக அன்றி, ஒழுங்குபடுத்திய விளக்கமாகவே கொள்ளவேண்டும். ஆயினும் கைத்தொழிலாளரின் அறிவுக்கு நூலறிவோடு சமஇடம் அளித்தது இத்தொகுப்பின் பெருஞ்சாதனை.

எடின்பரோவில் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதற்பதிப்பில் (1768–1771) ஆண்ட்ரூ பெல் செதுக்கிய 160 தகடுகள் இடம்பெற்றன. எழுத்தோடு சேர்த்தே அச்சிடத்தக்க மரச்செதுக்கு 19ஆம் நூற்றாண்டில் பரவியதும் செப்புத்தகட்டின் பயன்பாடு குறைந்தது.