எச்.சி.எல். (இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட்)

இந்தியாவின் முன்னோடிக் கணினி நிறுவனம். 1976இல் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் முதன்மையானவர் சிவ நாடார். திருச்செந்தூர் அருகே மூலைப்பொழியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல் படித்தவர். டெல்லியில் டி.சி.எம். நிறுவன வேலையை உதறிய அவரும் அர்ஜுன் மல்கோத்ரா, அஜய் சௌத்ரி உள்ளிட்ட நண்பர்களும் முதலில் மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றார்கள். கணினிக்கு வேண்டிய முதல் அதில்தான் சேர்ந்தது. உத்தரப் பிரதேச அரசும் 26 விழுக்காட்டுப் பங்குக்குக் கைகொடுத்தது.

1978இல் '8சி' என்ற மைக்ரோ கணினி வெளிவந்தது. அன்னியச் செலாவணிச் சட்டக் கெடுபிடியால் ஐ.பி.எம். நாட்டை விட்டு வெளியேறிய நேரம் அது. சந்தை காலியாகக் கிடந்தது. திறமையோடு காலமும் கூடிவந்தது என்பதே நியாயமான கணிப்பு. அமெரிக்காவில் ஆப்பிள்-2 வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

எண்பதுகளில் இந்நிறுவனத்தின் 'பிசிபீ' என்ற கணினி அலுவலக மேசைகளைப் பிடித்தது. பின்னாளில் புதுச்சேரி ஆலையிலும் கணினிகள் தயாராயின. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளை வழங்கிய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இப்பெயரை அறிந்தது அப்படித்தான். 2013இல் கணினித் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. மென்பொருள் பிரிவான எச்.சி.எல். டெக்னாலஜீஸ் தனி நிறுவனமாகத் தொடர்கிறது.